புதுப்பிப்பு: கொலுசுப் படங்களைக் குறைத்தேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வடிவமைக்கிறேன், என் இணையப் பக்கத்தில் 140 படங்கள் இருந்தும் ஆர்டர் வரவில்லை, என்ன செய்யலாம் என்று. பெரும்பாலானோர் "பாதிக்கு மேல் தூக்கு" என்றீர்கள்.

சரி, தூக்கினேன். இப்போது 18தான். வாடிக்கையாளர் வேறெங்கோ பார்த்த டிசைனைக் காட்டிச் செய்யச் சொன்னவை முதலில் போயின. அழகாகத்தான் இருந்தன, ஆனால் என்னுடையவை இல்லையே.

மிச்சத்தைப் புதிதாகப் படம் எடுத்ததில்தான் நாக்குத் தள்ளிவிட்டது. வெள்ளி கண்ணாடி மாதிரி. பழைய படங்களில் என் செல்போனே கொலுசுக்குள் தெரிந்தது (சிரிக்காதீர்கள்). ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுத்தேன். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் வடிவமே கரைந்துபோகிறது. ஓரத்தில் கறுப்பு அட்டைத் துண்டு ஒன்று வைத்த பிறகுதான் சலங்கைகளின் விளிம்பு தெரிந்தது.

இன்ஸ்டாகிராமில் 2025 ஜனவரியில், நம் பக்கத்தில் படங்கள் வரிசையாகத் தெரியும் கட்டங்கள் சதுரத்திலிருந்து உயரவாக்கில் மாறியதால் பழைய படங்களில் கொக்கி வெட்டுப்பட்டிருந்தது. அதையும் சரிசெய்தாயிற்று.

ஒவ்வொரு படத்தின் கீழும் எடை, நீளம், செய்ய ஆகும் நாட்கள். வெள்ளி விலை தினமும் மாறுவதால் கூலியை மட்டும் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை: "கூலியச் சொன்னா எதிர்க்கடைக்காரன் பாத்துக்குவான்டி!"

இதுவரை மூன்று பேர் விசாரித்தார்கள். ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா முன்பணமே அனுப்பிவிட்டார்.