தாடையில் ஷாக் அடிக்கிற வலி, எம்ஆர்ஐயில் ஏவிஎம்: ஊசியில் நரம்பைக் கருக்கினால் போதுமா?

தண்டையார்பேட்டை வாசி:
அக்காவுக்கு 36 வயசு. வலது கீழ்த்தாடையில் ஷாக் அடிச்ச மாதிரி வலி. சில நொடிதான், ஆனா நாள் முழுக்க விட்டு விட்டு வருது. பல் தேய்ச்சா, மென்னா, காசிமேடு பக்கம் வண்டியில் போகும்போது காத்து பட்டா உடனே ஆரம்பிக்குது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னாங்க, அதுக்கு முன்னாடி எம்ஆர்ஐ எடுத்தாச்சு. மூளைத்தண்டு ஓரத்தில் ரத்தக்குழாய் முடிச்சு (ஏவிஎம்), அது முகத்துக்கு உணர்வு தர்ற ஐந்தாவது நரம்பை அழுத்துதுன்னு ரிப்போர்ட். இப்போ நரம்பு வலிக்கான கார்பமசெபின் 100 காலை, ராத்திரி. மாத்திரையே போதுமா? ஊசி போட்டு நரம்பைக் கருக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். ஸ்டான்லியில் காட்டலாமா?

மருந்துக்கடை வண்ணை:
பல்லைப் பிடுங்காதது நல்லது. இந்த முகநரம்பு வலிக்காக (ட்ரைஜெமினல் நியூரால்ஜியா) நல்ல பல்லை வரிசையாக இழந்தவர்கள் நிறைய.

100 மி.கி. இரண்டு வேளை என்பது ஆரம்ப அளவுதான். அடங்காவிட்டால் டாக்டர் சில நாள் இடைவெளியில் 100, 200 என்று கூட்டுவார். பெரும்பாலும் நாளுக்கு 400 முதல் 800க்குள் கட்டுப்படும், 1200ஐத் தாண்டுவதில்லை. டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. ஏவிஎம் இருக்கும்போது ஆஸ்பிரினைத் தானாக வாங்கிப் போடவே வேண்டாம்.

முதல் சில வாரம் தோலைக் கவனியுங்கள். தடிப்போடு வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே கேஷுவாலிட்டிக்குப் போகணும். மற்றபடி திடீரென்று நிறுத்தக் கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சோடியம் மூன்றும் பார்க்கணும். சோடியம் இறங்கினால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், மாத்திரை மயக்கம் என்று விட்டுவிடுவார்கள். சளிக்கு கிளாரித்ரோமைசின் எழுதினால் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள், ரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடும். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைக்கும்.

நியூரோ வார்டு:
மாத்திரையில் வலி நின்றாலும் முடிச்சு அப்படியேதான் இருக்கும். வலி ஒரு பிரச்சினை, ஏவிஎம் இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் தவறான சிகிச்சைக்குப் போகிறார்கள்.

இந்த வலியின் வழக்கமான கேஸில் ஏவிஎம் இருக்காது, ஒரு சாதாரண தமனி நரம்பின் வேரில் உரசும். காதுக்குப் பின்னால் திறந்து, நடுவில் டெஃப்லான் என்ற பஞ்சு போன்ற துண்டு வைத்து விலக்குவார்கள். ஏவிஎம்மில், நடுவில் இருக்க வேண்டிய நுண்குழாய்கள் (தந்துகி) இல்லாமல் தமனி ரத்தம் நேராகச் சிரைக்குள் பாயும். அந்த அழுத்தத்தில் சிரை வீங்கி நரம்பைத் தள்ளும். வலி தருகிற சிரை இதுதானே என்று அடைத்தால், வரும் ரத்தத்துக்குப் போக வழியில்லாமல் முடிச்சு வெடிக்கும். அதனால் எந்த முடிவுக்கும் முன்னால் டிஎஸ்ஏ ஆன்ஜியோ (ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுக்கணும்: எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை வடிக்கிறது என்று அதில்தான் தெளிவாகத் தெரியும்.

கன்னம் வழியாக ஊசி விட்டுக் கருக்குவது வலியை அடக்கலாம், முகம் மரத்துப் போகலாம். நெற்றிக் கிளையும் சேர்ந்து மரத்தால் கருவிழியில் உணர்வு போய்ப் புண் வரும். முடிச்சுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்தக் கேஸில் அதை முதல் சிகிச்சையாக எடுக்க நான் சொல்லமாட்டேன்.

பொதுவாக ஏவிஎம் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பேருக்கு ரத்தம் கசியும், ஏற்கெனவே கசிந்திருந்தால் அதிகம். வழிகள் மூன்று: ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பசையால் அடைப்பது, கதிர்வீச்சைக் குவித்துச் செலுத்தும் ரேடியோசர்ஜரி, திறந்து எடுப்பது. பசையில் அழுத்தம் குறைந்து வலி சீக்கிரம் விடலாம், ஆனால் அது மட்டும் முழுசாக மூடுவது அபூர்வம். ரேடியோசர்ஜரிக்குப் பின் முடிச்சு மூட 2, 3 வருஷம் பிடிக்கும், அதுவரை கசியும் ஆபத்து நீடிக்கும். மூளைத்தண்டை ஒட்டியிருந்தால் திறப்பது கடினம்.

ராயபுரம் உதவி:
ஸ்டான்லியில் நியூரோசர்ஜரி ஓபி இருக்கிறது, சென்ட்ரல் எதிரே ஜிஎச்சிலும் இருக்கிறது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, எம்ஆர்ஐ சிடியை வாங்கிக்கொண்டு போங்க. டிஎஸ்ஏவுக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) கேட்பாங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லைன்னா இப்பவே போடுங்க. ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்ற சான்று வேணும். அட்டையை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் எடுக்கலாம். சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கணும், ஆஸ்பத்திரி காப்பீட்டு மேஜையில் அவங்களே அனுப்புவாங்க.

திடீர்னு தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் வந்தா ஓபி நாளுக்குக் காத்திருக்காதீங்க. 108 கூப்பிடுங்க, ஏவிஎம் இருக்குன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க.