ரன் பிளாக்கிங் சொல்லிக்கொடுத்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு ஸ்னாப்

டாலஸ் வாலண்டியர்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வட்டார அமெரிக்கன் ஃபுட்பால் லீக் அணியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு ஆஃபென்சிவ் லைன் (பந்து வைத்திருக்கும் அணிக்காக முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பவர்கள்) பயிற்சியில் கைகொடுக்கிறேன். வலது பக்கம் பவர், அதாவது பந்தோடு அந்தப் பக்கமாக ஓடும் பிளே. கார்டும் (நடுவில் நிற்கும் சென்டருக்கு அடுத்தவன்) டேக்கிளும் (அவனுக்கும் வெளியே நிற்பவன்) சேர்ந்து 3-டெக்னிக்கை, அதாவது கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நிற்கும் எதிரணி முன்வரிசைக்காரனை, டபுள் டீம் செய்ய வேண்டும், இருவருமாகத் தள்ள வேண்டும். அவன் பின்வாங்கியதும் ஒருவன் கழன்று பேக்சைடு (ஓட்டத்துக்கு எதிர்ப்பக்க) லைன்பேக்கரிடம், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவனிடம், ஏற வேண்டும்.  எங்கள் பையன்கள் முட்டிய வேகத்திலேயே ஒருவன் லைன்பேக்கரைத் தேடிக் கிளம்பிவிடுவான். தனியாக மாட்டிக்கொண்ட கார்டைத் தள்ளிவிட்டு 3-டெக்னிக் உள்ளே வந்துவிடுவான். பிளே அங்கேயே முடிந்தது.

ஓய்வுபெற்ற உயர்நிலைப் பள்ளி லைன் கோச் ஒருவர் எப்போதாவது வந்து வேலியோரம் நிற்பார். அன்றைக்கு உள்ளே வந்தார். ஒருவனைத் தள்ளிப் பழகும் மெத்தைப் பையைப் பிடிக்கச் சொல்லி, கார்டையும் டேக்கிளையும் அதில் முட்டிய நிலையிலேயே நிறுத்தினார். தன் தொப்பியைக் கழற்றி மடித்து இரண்டு பேரின் இடுப்புக்கும் நடுவே செருகினார். "விழுந்தால் மறுபடியும்" என்றார். அவ்வளவுதான். காலடி பற்றியோ கை பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. விசில் அடித்தால் பையன்கள் இரண்டடி தள்ளுவார்கள், தொப்பி விழும். மறுபடியும். கொஞ்ச நேரத்தில் டேக்கிள் பையன் தானாகவே இடுப்பை உள்ளே நெருக்கிக்கொண்டான். பை பிடித்தவன் லைன்பேக்கர் நிற்கும் இடம் வரைக்கும் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். வியர்வையில் நனைந்த தொப்பி நடுவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தில் அதே பவர். டபுள் டீம் அருமை, 3-டெக்னிக் பின்னால் போகிறான். அதற்குள் லைன்பேக்கர் சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே புகுந்து வந்து, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை லைனுக்குப் பின்னாலேயே சாய்த்துவிட்டான். எங்கள் பையன்கள் இருவரும் இடுப்போடு இடுப்பு ஒட்டியபடி இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்! வேலியோரத்தில் பெரியவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். ரன்னிங் பேக்கின் அப்பா என்னை முறைக்கிறார். ஆட்டம் முடிந்து பெரியவரிடம் கேட்டதற்கு, "முதல் ஆள் நகராமல் இரண்டாம் ஆளைப் பிடித்து என்ன பயன்?" என்றார். எனக்கு இன்னும் அந்தப் பதில் தொண்டைக்குள் இறங்கவில்லை. எப்போது கழல வேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

ஓஹையோ மாமா

பெரியவர் சொன்னது பாதிதான் தம்பி. இடுப்பு ஒட்டியிருக்கட்டும், தப்பில்லை. ஆனால் கண் எங்கே? நான்கு கையும் எதிரே முட்டுகிற ஆள் மேலே, நான்கு கண்ணும் லைன்பேக்கர் மேலே. எப்போது கழல வேண்டும் என்பதை அந்த லைன்பேக்கரே சொல்வான். வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடினால் டேக்கிள் கழல்கிறான். உள்ளே புகுந்தால் கார்டு கழல்கிறான். அவன் உன் மட்டத்துக்கு வரும்வரை நீ தேடிப் போகாதே. உங்கள் ஆட்டத்தில் கார்டு கழன்றிருக்க வேண்டும். அதைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார் என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை.

என் கதை வேறு. மகனின் ஃப்ரெஷ்மேன் அணிக்கு நான் உதவிக் கோச்சுக்கு உதவி. எதிரணியின் டிஃபென்சிவ் டேக்கிள் (எதிர் முன்வரிசையின் நடுவில் நிற்பவன்) ஒரு குட்டையான பையன். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளேயைத் தொடங்கும் கணம்) முன்னால் நாங்கள் பந்தோடு ஓடப்போகிறோமா வீசப்போகிறோமா என்று கண்டுபிடித்து "ரன்" அல்லது "பாஸ்" என்று சத்தமாகக் கத்துகிறான். தவறவே இல்லை. எங்கள் சிக்னலைத் திருடிவிட்டார்கள் என்று ஹெட் கோச் கொதிக்கிறார், கையுறையைக் கழற்றி எறிகிறார். அரை நேரத்துக்குப் பிறகு லைனுக்கு நேராகப் போய்க் குனிந்து பார்த்தேன். எங்கள் இடது கார்டு தரையில் ஊன்றிய கை! ரன் என்றால் முன்னால் சாய்ந்து எடையையெல்லாம் அதில் போடுகிறான். விரல் நுனிகள் வெளுத்துப் போய், நகம் புல்லுக்குள் இறங்கியிருக்கிறது. பாஸ் என்றால் விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும், நகமெல்லாம் சிவப்பாக. அந்தக் குட்டைப் பையன் எங்கள் சிக்னல் எதையும் பார்க்கவில்லை, எங்கள் பையனின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆசை. ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

லைன்மேன் அம்மா

நான் கோச் இல்லை. ஆனால் பயிற்சி முடியும்வரை காரில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் கண் இருக்கிறது.

ட்ராப் பிளே பழகிக்கொண்டிருந்தார்கள். என் மகன் வலது கார்டு. எதிரே நிற்கும் பெரிய பையனை அவன் தொடக்கூடாது. உரசாமல் உள்பக்கமாக நழுவி லைன்பேக்கரிடம் போய்விட வேண்டும். வாங்கோ என்று வாசலைத் திறந்துவிட்ட மாதிரி அந்தப் பெரிய பையன் உள்ளே வருவான். இடது கார்டு சென்டருக்குப் பின்னால் ஓடிவந்து பக்கவாட்டில் அவனை இடிப்பான். கேட்பதற்கு எளிது. வாரக்கணக்கில் "இடி, இடி" என்று கேட்டே வளர்ந்த பையனுக்குக் கை தானாக நீள்கிறது. தோளைத் தொட்டுவிடுகிறான். தொட்டால் எதிரி நின்றுவிடுகிறான், இடிப்பதற்கு ஆள் அங்கே வந்து சேர்வதில்லை. கடைசியில் கோச் இவனை இரண்டு கையாலும் தன் ஜெர்சியையே பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னார். நெஞ்சில் துணியைக் கசக்கிப் பிடித்தபடி, திருடு போய்விடும் என்பதுபோல, ஓடிப் பழகினான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி. மதுரையிலிருந்து வந்திருந்த மாமனாரும் பக்கத்தில். அந்தப் பிளே வந்தது. பெரிய பையன் உள்ளே பாய்கிறான், மாமனார் எழுந்து நின்று "அய்யய்யோ, விட்டுட்டானே!" என்று கத்துகிறார். சுற்றியிருந்தவர்களும் ஆங்கிலத்தில் அதையேதான் கத்தினார்கள். அடுத்த நொடி இடது கார்டு வந்து மோத, எங்கள் ரன்னிங் பேக் அந்த இடைவெளி வழியாகப் போய்க்கொண்டே இருந்தான். லைன்பேக்கரை மடக்கி வைத்திருந்தவன் என் மகன். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஒலிபெருக்கியில் ஒருவர், கார்டு கோட்டைவிட்டும் ரன்னிங் பேக் சமாளித்து ஓடினான் என்று சொன்னார் பாருங்கள். மகன் அதைக் கேட்டுவிட்டான். வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மாமனாரிடம் உப்பு, மிளகு டப்பாக்களை வைத்து ட்ராப் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தான். தாத்தா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "எதிர்ல இருக்கிறவனை நீதானப்பா பிடிக்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய ஹாக்ஸ் ரசிகன்

அக்கா, உங்கள் மாமனார் கட்சிதான் நானும். அந்த வயதில் ட்ராப் அதிகம். எதிரே இருப்பவனை நகர்த்தத் தெரிந்த பிறகு நழுவக் கற்றுக்கொள்ளட்டும்.

நான் வெர்ஜினியாவில் இருக்கிறேன். இங்கே பழைய ஆட்கள் இன்னும் வாஷிங்டன் அணியில் லைன் கோச் ஜோ பூகல் வளர்த்த, ஹாக்ஸ் என்று பட்டப்பெயர் கொண்ட லைனைப் பற்றித்தான் பேசுவார்கள். கவுண்டர் ட்ரே என்ற ஓட்டப் பிளே என்றால் அவர்கள்தான். பேக்சைடு கார்டும் டேக்கிளும் சேர்ந்து தங்கள் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடுவார்கள். முதல் ஆள் எதிரணியில் ஓரத்தில் நிற்பவனை வெளியே தள்ளுவான், இரண்டாவது ஆள் திறந்த வழியில் உள்ளே திரும்புவான். 1988 ஜனவரி சூப்பர் பவுலில் (தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம்) அந்த லைனுக்குப் பின்னால் டிம்மி ஸ்மித் 204 யார்டு ஓடினார். பெரும்பாலோருக்கு அவர் பெயர் அதற்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. லைன் யார் என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

என் அனுபவம் சின்னதுதான். பக்கத்து வீட்டுப் பையன் கவுண்டரில் இரண்டாவதாக ஓடும் டேக்கிள். ஒரு ஆட்டத்தில் லைன்பேக்கரின் தோளை உரசிக்கொண்டு, அவனைப் பார்க்காமலேயே தாண்டி ஓடி, காலி மைதானத்தில் போய் நின்று இரு பக்கமும் தேடினான். கண் வெளியே போய்விட்டது. அந்த முகம் மறக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்தவன்கூட அவ்வளவு முழித்திருக்கமாட்டான்.

சரி, பையன் வைத்திருப்பவர்களுக்காகச் சில விஷயம். முதலில் எடை. லைன் என்றதும் வீட்டில் பையனுக்குச் சாதத்தை அள்ளிப் போடாதீர்கள். லைன் கோச் அலெக்ஸ் கிப்ஸ் டென்வர் அணியில் வைத்திருந்த லைன் அன்றைய கணக்கில் எடை குறைந்தது. அதன் பின்னால்தான் புதுவீரர் தேர்வில் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 யார்டு ஓடினார். அடுத்து உயரம். ஸ்னாப் ஆனதும் நிமிர்கிற பையனைத் திட்டிப் பயனில்லை. தாழ்வான கம்பிக் கூண்டுக்கு அடியில் கிளம்பச் சொல்லுங்கள், ஹெல்மெட் கம்பியில் இடித்தால் அதுவே சொல்லிக்கொடுக்கும். காலை நெருக்கி வைக்கிறவனுக்கு ஓரடி அகலப் பலகையைத் தரையில் போட்டு, இரண்டு பக்கமும் கால் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். முதல் அடி ஒரு சாண்தான், இரண்டாவது அடி தரையில் படும்போது கை எதிரியின் நெஞ்சில் இருக்க வேண்டும். முட்டும்போது தலை நடுவே போகக்கூடாது, கண் மேலே. அப்புறம் வெயில். ஆகஸ்ட் வெயிலில் முதல் நாளே முழுக் கவசத்தோடு ஓடவிடும் அணி என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். டென்வர் மாதிரி பேக்சைடில் கட் பிளாக்கும் (எதிரியின் இடுப்புக்குக் கீழ் மோதித் தடுப்பது) சீக்கிரமே பழக்கலாம், எடை குறைந்த பையனுக்கு அது பெரிய ஆயுதம்.

நடு அம்பயர்

கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். தொழில்முறை ஆட்டத்தில் பார்த்ததைப் பன்னிரண்டு வயதுக்காரனிடம் பழக்காதீர்கள், எதிரே நிற்பவனுக்கும் முழங்கால் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்திலேயே இடுப்புக்குக் கீழ் பிளாக் செய்ய, பந்திலிருந்து இரு பக்கமும் 4 யார்டு, பிளே தொடங்கும் கோட்டிலிருந்து முன்னும் பின்னும் 3 யார்டு என்ற கட்டத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் ஸ்னாப் ஆன உடனே செய்ய வேண்டும். டெக்சாஸில் கல்லூரி விதிகள்தான் அடிப்படை, அங்கே கணக்கு வேறு. உங்கள் லீக்கில் என்ன விதி என்று கேட்காமல் இதைத் தொடவே தொடாதீர்கள்.

அம்பயராக நான் நிற்கும் இடம் லைன்பேக்கர்களுக்குப் பின்னால். அதனால் வாலண்டியர் தம்பி சொன்ன காட்சியை எதிர்ப்பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஓஹையோ மாமா சொல்கிற நான்கு கண் விஷயம் பெரியவர்களுக்குச் சரி. சின்னப் பையன்கள் கண்ணைத் தூக்கினால் கழுத்து தூக்கும், கழுத்து தூக்கினால் முதுகு நிமிரும். லைன்பேக்கருக்கு அது போதும், ஹெல்மெட் எழும்பியதும் இடைவெளி தெரிந்து உள்ளே பாய்கிறான். இருவரும் தாழ்ந்து ஒட்டிக்கொண்டு வந்தால் அவனுக்கு வெளிச்சமே தெரிவதில்லை, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பான். தன் சொந்த ஆளே பின்னால் வந்து அவன் காலில் விழுவான். நீங்கள் சொன்ன அந்த ஒரு பிளேயில் லைன்பேக்கர் பார்த்து வரவில்லை, சூதாடி வந்தான் என்று நினைக்கிறேன். எல்லா முறையும் அது பலிக்காது. பெரியவர் கட்டைவிரலைத் தூக்கியதும் அதனால்தான் இருக்கும்.

என் பங்குக்கு ஒன்று. ஒரு லெஃப்ட் டேக்கிள், அருமையான பிளாக், எதிரியைப் பத்து யார்டு ஓட்டிக்கொண்டு போனான். கடைசியில் எதிரி விலகித் திரும்ப, இவன் விடவில்லை. தோளுக்கு வெளியே ஜெர்சி முழுக்க இவன் கையில். கொடி போட்டேன், ஹோல்டிங் (எதிரியைப் பிடித்து நிறுத்தும் தவறு), தண்டனை 10 யார்டு, அவர்கள் எடுத்த டச்டவுன் ரத்து. பையன் கோபப்படவில்லை. இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்து, "எந்தக் கை சார்?" என்று கேட்டான். வலது என்றேன். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு பிளே முடிந்ததும் வலது கையை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஹடிலுக்கு, அணி கூடிப் பேசும் வட்டத்துக்கு, போனான். கேலியா மரியாதையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

லைன்மேன் அம்மா

ஹாக்ஸ் தம்பி, சாதத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. என் மகன் இடித்தும் நகர்த்துவான், நழுவியும் போவான். ட்ராப் வேண்டாம் என்று நீங்கள் கோச்சிடம்தான் சொல்ல வேண்டும்.

ஓஹையோ மாமா

அம்பயர் சார், கண்ணைத் தூக்கினால் முதுகு நிமிரும் என்பது உண்மைதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளச் சொல்ல முடியுமா? தலையைத் தூக்காமல் புருவத்துக்கு அடியில் பார்க்கப் பழக்கலாம். நான் பழக்கியிருக்கிறேன், வரும்.

டாலஸ் வாலண்டியர்

இரண்டையும் செவ்வாய்க்கிழமை சேர்த்துப் பார்க்கப் போகிறேன். இடுப்புக்கு நடுவே தொப்பி இருக்கும். எதிரே லைன்பேக்கர் இடத்தில் நான் நின்று விரலைக் காட்டுவேன், தள்ளிக்கொண்டே எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். நான் உள்ளே புகுந்தால் மட்டும் கார்டு தொப்பியைக் கீழே போடலாம். பெரியவர் வந்தால் என்ன சொல்வாரோ தெரியாது. போன வாரம் கேட்டுவிட்டார், "என் தொப்பி எங்கே?" என்று. டேக்கிள் பையன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.