பொருள்: இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள கோணம் - ஒரு சொல் போதுமா?

கிளிநொச்சி, கணித ஆசிரியை:
வணக்கம். உயர்தரப் பிள்ளைகளின் பைதன் (கணினி நிரல்மொழி) பயிற்சித்தாள் திங்கள் அச்சுக்குப் போகவேணும். வரைபிலுள்ள இரண்டு கோடுகளின் கோணத்தைக் காணும் சார்பு ஒன்று இருக்கு. விளக்கம் எழுதச் சொல் முட்டுது. (2,1), (-3,1) என்ற காவிகளுக்கு (நீளமும் திசையும் உள்ள அம்புகள்) ஏடான்2 (atan2, பைதனில் கோணம் தரும் சார்பு) தருவது 135 பாகை. அதே திசைகளில் கிடக்கும் கோடுகளுக்கு விடை 45. இரண்டையும் கோணம் என்றே எழுதினால் பிள்ளை எதை எடுக்கும்?

முல்லைத்தீவு, நில அளவையாளர்:
ரீச்சர், 135க்குத் 'திசைகோள்' கையில் இருக்குதே?

வவுனியா, விரிவுரையாளர்:
அண்ணை, அது ஒத்துவராது. திசைகோள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 360 வரை போகும். ஏடான்2 இடஞ்சுழியை நேராக எடுத்து, -180க்கும் 180க்கும் இடையில் நிற்கும். இங்கே அளப்பது முதற் காவியிலிருந்து இரண்டாவதுக்கு; வடக்குக்கு அதில் வேலை இல்லை.

ரீச்சர், படித்திறன் (கோட்டின் சாய்வு) சூத்திரத்தைத் தாளில் வைக்காதேங்கோ. நிலைக்குத்துக் கோடு வந்தாலும், செங்குத்தான சோடி வந்தாலும் பூச்சியத்தால் வகுக்கும். எண்ணிப் பெருக்கத்தை (x1x2 + y1y2) நீளங்களால் வகுத்து நேர்மாறு கோசைன் எடுத்தாலும் ஆபத்து: சமாந்தரக் கோடுகளில் தசம வழுவால் 1.0000000000000002 வந்து நிரல் விழும். குறுக்குப் பெருக்கம் (x1y2 - y1x2) முதலில், எண்ணிப் பெருக்கம் பிறகு; இங்கே 5, -5. ஏடான்2க்குக் கொடுத்து, வரும் ஆரையனை (radian) பாகையாக்கி, குறியை நீக்குங்கோ. 90ஐத் தாண்டினால் 180இலிருந்து கழியுங்கோ.

மாங்குளம், தமிழாசிரியர்:
'கவைக்கோணம்' என்று வைக்கலாம். கவை, கவர், கவடு, கவட்டை எல்லாம் ஒரு வேர். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்தவனுக்கு உரை வேண்டாம். 'கவர்கோணம்' வேண்டாம், வினைத்தொகையாகி மனதைக் கவரும் கோணமாகிவிடும். இன்னொன்று: கோடுதல் என்றால் வளைதல். 'ஒருபால் கோடாமை' என்றார் வள்ளுவர். 'நேர்கோடு' என்பதே முரண். குளத்தின் கரைக்கும் கோடு என்று பெயர் உண்டு. குளக்கோட்டன் பெயரையோ குளமும் கோட்டமும் கட்டியதால் என்பார்கள்...

வவுனியா, விரிவுரையாளர்:
சேர், திங்கள் அச்சு.

முல்லைத்தீவு, நில அளவையாளர்:
கவை எண்டால் ஒரு முனையில் பிரியவேணும். வெட்டிக்கொள்ளும் கோடுகளில் நாலு கோணம் வருமே, எதைக் கவை எண்பது? கோடு திரும்பாது, போறவன்தான் திரும்புவான். அதனால் 135 'திருப்புகோணம்', 45 'இடைக்கோணம்'.

மாங்குளம், தமிழாசிரியர்:
திருப்புவது பிறவினை. யார் திருப்புகிறார்? 'திரும்புகோணம்' என்றாவது எழுதுங்கோ. 'இடை' வெறும் இடைவெளி; 45 என்று அது சொல்லாது.

கிளிநொச்சி, கணித ஆசிரியை:
திரும்புகோணம் எடுக்கிறன். குறி நேர் என்றால் இடப்பக்கம், மறை என்றால் வலம் என்று பிள்ளைக்கு விளங்கும். இடைக்கோணத்துக்கு '90ஐ மிஞ்சாதது' என்று ஒரு வரி சேர்க்கிறன்.

வவுனியா, விரிவுரையாளர்:
நல்லது. சோதனைக்கு அந்த 135ஐ வைக்காதேங்கோ. அந்த இரண்டு பெருக்கங்களையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கடைசியில் 45தான் வரும், பிழை பிடிபடாது. (1,0), (2,1) வையுங்கோ: சரியென்றால் ஏறத்தாழ 26.57, மாறினால் 63.43. வரைபில் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவிடை போடாட்டில் பாகைமானி வைத்து அளக்கிற பிள்ளை நிரலைத்தான் பிழை சொல்லும்.

மாங்குளம், தமிழாசிரியர்:
அடிக்குறிப்பிலாவது கவைக்கோணம் இருக்கட்டும்.