கியூஆர் ஒட்டியிருந்தும் காசு விழாதது ஏன்?

யாழ்ப்பாணம் நல்லூர், விடுதி நடத்துறவர்:
2024 பெப்ரவரி 12இலிருந்து போன் செயலியால காசு கட்டுற இந்திய யூபிஐ முறை இலங்கையிலயும் வேலை செய்யுது. ஆனாலும் பலாலி விமான நிலையத்தால வாற சென்னை ஆக்கள் கனபேர் கடைசியில தாள் காசைத்தான் நீட்டினம். பாதிக் காரணம் எங்கட பக்கம். வணிகர் கணக்குக்கு வங்கி தந்த லங்கா கியூஆர் எண்ட இலங்கைப் பொதுக் கியூஆர்தான் அவையின்ர செயலிக்குப் பிடிபடும். சேமிப்புக் கணக்கு இலக்கத்தை எழுதி ஒட்டினால் வராது. மிச்சம் அவையின்ர போனில. வெளிநாட்டுக் கொடுப்பனவைச் செயலிக்குள்ள போய்த் தனியாத் திறக்கவேணும். பல செயலிகளில அது குறிச்ச காலத்துக்குத்தான் திறந்திருக்கும். அறையை உறுதிசெய்யிற வாட்ஸ்அப் செய்தியிலயே இதை எழுதிவிடுங்கோ. இந்திய சிம்மைக் கழற்றவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. கழற்றினால் செயலி திரும்பவும் இலக்கத்தைச் சரிபார்க்கக் கேட்கும், எஸ்எம்எஸ் போகாமல் அதிலயே நிண்டுவிடும். உள்ளூர் சிம்மை ரெண்டாவது இடத்தில போட்டு டேட்டாவை அதில எடுக்கலாம். இல்லாட்டில் விடுதி வைஃபை போதும்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலி, பயண ஒழுங்கு செய்யிறவர்:
புலம்பெயர்ந்த ஆக்களுக்குச் சிக்கல் வேற. வங்கி தாற கட்டண இணைப்பில கடனட்டை இலக்கத்தை அடிச்சதும் ஓடிபி ரொறன்ரோ இலக்கத்துக்குப் போகும். ரோமிங் இல்லாட்டில் அதோட சரி. அதால முற்பணத்தை விமானம் ஏற முதலே வாங்குங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளுக்குள்ள அறை கேட்கிறவையிட்ட இது கட்டாயம். இணைப்போட விடுதியின்ர பேர், திகதி, தொகை, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் எண்டது எல்லாம் தெளிவாத் தெரியவேணும். தெரியாட்டில் மோசடி எண்டு பயந்து மூடிப்போடுவினம், அந்தப் பயம் நியாயமானது. என்னைக் கேட்டால், விலைக்கழிவைவிட இந்த நாலு வரிதான் ஆக்களைக் கட்டவைக்கும்.

குறிகட்டுவான் (நெடுந்தீவுப் படகுத்துறை), ஓட்டோ ஓட்டுறவர்:
ஒட்டிவைக்கிற கியூஆரில தொகையைப் பயணிதான் அடிக்கவேணும். 1500க்கு 150 எண்டு அடிபடும், பக்கத்தில நிண்டு பாருங்கோ. அவையின்ர திரையில பச்சை அடையாளம் வந்தது போதாது. உங்கட போனுக்கு வங்கி எஸ்எம்எஸ் வந்தால்தான் காசு வந்தது. மினுங்கிற லமினேற்றிங் வெயிலில கமராவுக்குப் பிடிபடாது. மினுக்கமில்லாத தாளில அச்சடிச்சு, நிழல் விழுற மாதிரிச் சாரதி சீற்றுக்குப் பின்னால ஒட்டுங்கோ. நெடுந்தீவுக்குப் போறவையைச் சில்லறையோட வரச் சொல்லுங்கோ. படகு ஒரு மணித்தியாலம் அளவில ஓடும். அங்கால இறங்கினாப் பிறகு வாகனக்கூலியைக் கையில காசாத்தான் கேட்பினம்.