புதுப்பிப்பு: மறுபடி போன ஹெட் கேஸ்கட்

பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றிய என் டீசல் பிக்கப்பில், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றியும் கெந்திங் மலை ஏற்றத்தில் மறுபடி போய்விட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் கிடைத்துவிட்டது.

பத்துமலைப் பக்கம் ஒரு போர்மேன் (மெக்கானிக்) அண்ணன் பிளாக்கின் மேல் நேர்க்கோலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துக் காட்டினார். இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் பள்ளம். "ஹெட்டை மட்டும் ஸ்கிம் பண்ணிட்டு இதை விட்டுட்டாங்க தம்பி" என்றார்.

பிளாக்கையும் ஸ்கிம் பண்ணி, அதாவது மேற்பரப்பைச் சீவி, மட்டம் செய்தோம். அப்படிச் செய்தால் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் மேலே நீட்டும். அதை அளந்துதான் கேஸ்கட் தடிமனைத் தேர்வு செய்தார். டீசலில் இதை மட்டும் விடவே கூடாது. ஹெட்டை இறுக்கும் பழைய போல்டுக்குப் பதில் ஸ்டட் (பிளாக்கில் பொருத்தி மேலே நட்டால் இறுக்கும் திருகுத் தண்டு). அப்புறம் பூஸ்டையும் குறைத்தாயிற்று, வயிறு எரிந்தாலும்! இப்போது சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் கசியாததால், காலையில் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகியிருப்பதில்லை.