பதிவேட்டில ஆள் இருக்கு, கதிரையில ஆள் இல்லை: வன்னி அலுவலகங்களுக்கு மனிதவள ஆய்வு தேவையோ?

கனகராயன்:
நான் வன்னியில ஒரு அரச அலுவலகத்தில, தாபனக் கிளையில, அதுதான் ஊழியற்ற கோவையளை (பைல்) பாக்கிற இடத்தில, இருக்கிறன். பதவி முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், படிச்சது மனிதவள முகாமைத்துவம். வெளிநாட்டில அரச திணைக்களமொண்டில மனிதவள ஆய்வாளரா இருக்கிற மச்சான் போன கிழமை தன்ர வேலையை, எந்த இடத்தில ஆள் இருக்கு, எதில இல்லை, ஏன் எண்டு பாத்து எழுதிறதை, சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு. நானும் அதைத்தான் செய்யிறன், எங்கட சேவையில அதுக்கொரு பேர் இல்லை, அவ்வளவுதான். (பிரதேச செயலகத்தில இருக்கிற மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காட்டாதேங்கோ. அவர் வேலை தேடுற பொடியளுக்கு, அலுவலகத்து ஆக்களுக்கில்லை.)

ஆளணி விபரத்தில மூண்டு நிரல்: அங்கீகரிக்கப்பட்டது, இருப்பது, வெற்றிடம். நான் நாலாவதா ஒண்டு சேர்த்தன், ‘கதிரையில் இருப்பவர்’ எண்டு. ஒன்பது பேர் பிடிபட்டினம். சம்பளம் எங்கட அலுவலகத்தில, ஆள் ‘தற்காலிக இணைப்பில’ யாழ்ப்பாணத்தில. சிலருக்கு அந்தத் தற்காலிகம் நாலு வருசம். 2022 இல சம்பளமில்லாத லீவில 5 வருசம் வரை வெளிநாடு போகலாம் எண்டு விட்டாங்களே, அப்பிடிப் போன வேற ரெண்டு பேரும் தாளில ‘இருப்பது’தான். வெற்றிடம் இல்லையெண்டால் புது ஆள் எப்பிடி வரும்?

மேலதிகாரியிட்டக் கொண்டு போனன். “கேட்ட விபரத்தை மட்டும் அனுப்பும் தம்பி” எண்டார். இந்த நிரல் எல்லா அலுவலகத்திலயும் வேணும் எண்டு நான் நினைக்கிறன். நீங்கள்?

கச்சேரிக் கிழவன்:
தம்பி, 36 வருசம் கோவை கட்டின ஆள் சொல்லுறன். 65 வயது வரை வேலையில இருக்கலாம் எண்டு சொல்லிப்போட்டு, அதே 2022 முடிவில 60 எண்டு இறக்கி, எங்களை ஒரே நாளில வீட்டை அனுப்பினாங்கள். அலுமாரித் திறப்பை வாங்கக்கூட ஆளில்லை. அப்ப ஆர் ஆய்வு செய்தது?

நீர் கண்டுபிடிச்ச ஒன்பது பேரை உம்மட பிரதம லிகிதர் எக்செல் இல்லாமலே விரல் விட்டு எண்ணுவார். தெரியாமல் நடக்கிற விசயமில்லை இது. இடமாற்றச் சபை கூடும், சங்கக்காரர் இருப்பினம், பட்டியல் வரும். அடுத்த கிழமை ஒருத்தர் இடமாற்றத்தை நிப்பாட்டப் பெரிய இடத்துக் கடிதத்தோட வந்து நிப்பார். அந்தக் கடிதத்துக்கு முன்னால உம்மட நிரல் என்ன செய்யும்?

ஊழியருக்கு வேண்டியது தன்ர கோவை சரியா இருக்கிறது. எங்களிட்ட ஒரு அலுவலகப் பணியாளர். அவற்ற கோவை கடைசிச் சண்டையில தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன் எண்டு சனத்தோட இழுபட்டுக் கடைசியில எங்கயோ போயிட்டுது. ஓய்வூதியத்துக்கு முதல் நியமனக் கடிதம் கேட்டாங்கள். மனுசன் பொலித்தீன் பையில அடையாள அட்டையை மட்டும் வச்சுக்கொண்டு நிக்குது. யாழ்ப்பாணத்தில ஒரு அலுமாரிக்குள்ள இருந்து பழைய சம்பளப் பட்டியல் எடுத்தம், கறையான் அரிச்ச ஓரத்தில அவற்ற டபிள்யு அன் ஓ.பீ. (விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய) இலக்கம். அதை வச்சுத்தான் ஓடி முடிச்சது. அது ஆளைத் தெரிஞ்சவன் செய்யிற வேலை, ஆய்வாளன் செய்யிறதில்லை.

கொழும்புக் காகம்:
நான் தனியார் துறையில மனிதவளம். எங்கட முறையில விட்டுப் போற ஒவ்வொருத்தரிட்டயும் ஏன் எண்டு கேப்பம், பிறகு அந்த இடத்துக்கு அலவன்ஸ் கூட்டுவம். சிம்பிள்.

கச்சேரிக் கிழவன்:
கூட்டுங்கோ தம்பி. திறைசேரியை ஆர் கேக்கிறது?

பாலைப்பழம்:
நான் மல்லாவிப் பக்கம். அலுவலகத்துக்கு வெளியில வாங்கில இருக்கிற ஆள் எண்டு வையுங்கோ. காணிப் பத்திரத்துக்கு மூண்டு தரம் போனன். “அந்த உத்தியோகத்தர் வெள்ளிக்கிழமை மட்டும்தான்” எண்டினம். வெள்ளி போனால் கூட்டமாம். ஆனால் உள்ளுக்க அபிவிருத்தி உத்தியோகத்தர்மார் ஒரு மேசைக்கு மூண்டு பேர். 2020 இல 50,000 க்கு மேல பட்டதாரியளை 20,000 ரூபா படியோட பயிலுநரா எடுத்தாங்கள் எல்லே, அந்தப் பிள்ளையள்தான். அதுகளில பிழையில்லை, ஒருத்தரும் வேலை பழக்கேல்லை. எங்க ஆள் கூட, எங்க குறைவு எண்டு ஆராவது ஒரு தாளில எழுதினால் எனக்குச் சந்தோசம். கிழவன் ஐயா கோவிக்கக் கூடாது, உங்கட பிரதம லிகிதர் விரல் விட்டு எண்ணினது எங்களுக்கு வெளியில தெரிய வரேல்லை.

கனகராயன்:
ஐயா, உங்கட பணியாளற்ற கதையையே எடுப்பம். அவர் 60 ஆகி வந்து நிண்ட பிறகுதான் ஓடினீங்கள். நான் போன மாசம் பிறந்த திகதியை வச்சு வரிசைப்படுத்தி, வாற மூண்டு வருசத்தில ஓய்வு பெறுறவையின்ர கோவையை மட்டும் இறக்கிப் பாத்தன். நாலு பேருக்கு முதல் நியமனக் கடிதம் இல்லை. ஒருத்தருக்கு வினைத்திறன் தடைகாண் பரீட்சை சித்தியெய்தின கடிதம் பக்கத்து ஆளின்ர கோவையில கட்டிக் கிடக்கு, அவர் அதால பதவி உயர்வு இல்லாமல் இருக்கிறார்! இது ஆய்வோ, கோவை கட்டுறதோ?

கச்சேரிக் கிழவன்:
பக்கத்துக் கோவையில கட்டினவனை முதல்ல பிடியும்.
சரி, அந்த ஓய்வு பெறுற பட்டியல் நல்ல வேலை. அதைக் குறை சொல்லேல்லை. நாலாவது நிரலைத்தான் சொல்லுறன்.

முறிகண்டிக் கடலை:
மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டு பேசாமல் இருந்தனான். கனகராயன் தம்பி, உங்கட ஒன்பது பேரில ஒருத்தி மாதிரித்தான் நானும். வேற அலுவலகம்.

முதல் நியமனம் மாங்குளத்துக்கு அங்கால. விடுதி கேட்டன். இருந்த ஒரு விடுதியில கதவில்லை, இன்னொண்டில ஒரு மேலதிகாரி. காலமை நாலரைக்கு எழும்பி, பிள்ளைக்குச் சோறு கட்டி, யாழ்ப்பாணத்தில பஸ் ஏறுவன். முறிகண்டியில எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிடேக்க நான் மணிக்கூட்டைத்தான் பாப்பன். எட்டரைக்கு விரல் வைக்காட்டி அரை நாள் லீவு. ஒரு வருசம் அப்பிடி ஓடினன். பிறகு பிள்ளைக்கு இழுப்புக் கூடி, நானும் கடிதத்தோடதான் இணைப்பு வாங்கினன். ஓம், கிழவன் ஐயா சொன்ன அதே கடிதம். வெக்கம்தான்.

உங்கட நிரலில என்ர பேர் ‘வெறும் கதிரை’. அதைப் பாக்கிறவன் “பொம்பிளையளைப் போட்டால் இப்பிடித்தான்” எண்டுவான், விடுதிக்குக் கதவு போடமாட்டான்.

பாலைப்பழம்:
அக்கா, கோவமில்லை. ஆனால் உங்கட கதிரைக்கு முன்னால நிண்டது எங்கட ஆச்சி.

முறிகண்டிக் கடலை:
தெரியும் தம்பி. அதுதான் மூண்டு நாள் பேசாமல் இருந்தனான்.

கனகராயன்:
அக்கா சொன்னாப் பிறகு இண்டைக்குக் கோவைகளைத் திரும்பப் பாத்தன். ஒன்பது இணைப்புக் கடிதத்திலயும் ஒரே சொல்: ‘குடும்பக் காரணம்’. அதுக்குப் பின்னால அவையே எழுதின விண்ணப்பத்தைப் புரட்டினால் அஞ்சு பேர் முதல்ல விடுதி கேட்டிருக்கினம். ஒருத்தர் மூண்டு தரம். ஒரு விண்ணப்பத்துக்கும் பதில் இல்லை. நான் கடிதத்தோட நிண்டிட்டன், அங்கால புரட்டேல்லை.

அஞ்சாவது நிரல் போட்டாச்சு: ‘இணைப்புக்கு முன் கேட்டது’.

கொழும்புக் காகம்:
நான் சொன்ன ‘ஏன் எண்டு கேக்கிறது’ இதுதானே?

கச்சேரிக் கிழவன்:
உமக்கு ஒரு புள்ளி.

கனகராயன், அந்தத் தாளைத் தனியா அனுப்பாதையும், கோவைக்குள்ள போய்ப் படுத்திடும். வருசக் கடைசியில விடுதி திருத்தத்துக்கு மதிப்பீடு கேப்பாங்கள் எல்லே, அதுக்குப் பின்னிணைப்பாப் போடும். நிர்வாக உத்தியோகத்தரின்ர கையெழுத்தோட. பேர் வேண்டாம், பதவியும் கேட்ட திகதியும் காணும். பேர் போட்டால் இந்தப் பிள்ளை சொன்னதுதான் நடக்கும்.

முறிகண்டிக் கடலை:
கதவு எண்டும் எழுதுங்கோ. ‘திருத்தம்’ எண்டு மட்டும் எழுதினால் பெயின்ற் அடிச்சுப்போட்டுப் போவாங்கள்.