கன்டெய்னர் டிரெய்லரில் டிபிஎஃப் லைட் திரும்பத் திரும்ப எரிகிறது, உதவி தேவை

எங்கள் 40 அடி டிரெய்லர் (2021 மாடல், பிஎஸ்6) பொங்கலுக்கு அப்புறம் சரியாக இழுக்கவில்லை. முதலில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட், பின்னாலேயே செக் என்ஜின் லைட். அதன் பிறகு ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் வேகம் ஏறாது.

ஓட்டம் மணலி யார்டிலிருந்து சென்னைத் துறைமுகம் ஜீரோ கேட் வரை. தூரம் கொஞ்சம்தான், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரிசையில்தான் பொழுதே போகும். பத்தடி நகரும், நிற்கும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சைலன்சரில் கரி எரிகிற அளவுக்குச் சூடு ஏறாது. அதனால்தான் ஃபில்டர் அடைக்கிறது என்று நினைக்கிறேன். பெங்களூர் லைனில் ஓடும் இதே மாடல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

வண்டியை நிறுத்திவைத்து ரீஜென் (ஃபில்டரைச் சூடாக்கிக் கரியை எரிப்பது) போட்டோம். லைட் அணைந்து சில நாளில் மறுபடி வருகிறது. பிரஷர் சென்சார் மாற்றியாச்சு, அதன் டியூபையும் ஊதிப் பார்த்தாச்சு. இன்ஜெக்டர் செக் செய்ததில் குறை இல்லை. சர்வீஸ் சென்டரில் புது ஃபில்டர்தான் என்கிறார்கள். தவணை போக அவ்வளவு பணம் கையில் இல்லை. ஃபில்டரையே எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். அதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். வரிசை நிற்பது வீடுகளின் வாசலில், அந்தப் புகையைக் குழந்தைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

மாதவரம், மணலி, திருவொற்றியூர் பக்கம் டிபிஎஃபைக் கழற்றி மெஷினில் சுத்தம் செய்து, சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் பிரஷர் அளந்து காட்டுகிற நம்பகமான இடம் எது?